பிள்ளைகளிடம் கேட்டால் மட்டும் போதாது, பதிலும் சொல்லணும்

பத்தாவது ரிசல்ட் வந்து பிளஸ் ஒன் அட்மிஷன் நடக்கிற வாரத்தில் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆபீஸ் ரூம் பக்கம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்திருப்பது அந்தப் பிள்ளைதான். ஆனால் "என்ன குரூப்?" என்ற கேள்வி அப்பாவைப் பார்த்துத்தான் வரும். "பயோ மேத்ஸ் சார்" என்று அவரும் பட்டென்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷம் உட்கார்ந்து அதைப் படிக்கப்போகிறவள் பக்கத்தில்தான் நிற்கிறாள், அவள் முகத்தை ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

குரூப் எடுப்பதில் பெற்றோர் தலையிடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வீட்டு நிலைமை வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். பிள்ளை கேட்கிற குரூப் உள்ளூர்ப் பள்ளியில் இருக்காது, பக்கத்து டவுனுக்குப் போகணும் என்றால் சாயங்காலம் திரும்பி வர ஒரே ஒரு பஸ்தான், அதையும் விட்டால் இருட்டில் நிற்கணும். அப்பா மறுப்பதற்கு இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். என் கேள்வி, அந்தக் காரணத்தை ஏன் பிள்ளையிடம் சொல்வதில்லை என்பதுதான். "நான் சொல்றதைக் கேளு", முடிந்தது. பஸ் பிரச்சினை என்று சொன்னால் அந்தப் பெண்ணே ஒரு வழி சொல்லியிருப்பாள். அந்த ரூட்டில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வருது, எது ஸ்டாப்பில் நிற்காமல் போகுது என்பதெல்லாம் நம்மைவிட அவளுக்குத்தான் அத்துப்படி.

பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு தகவல். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வந்தது 1989 நவம்பர் 20இல். 1992 டிசம்பரில் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கணும் என்கிறது. குழந்தை சொல்வதுதான் இறுதி முடிவு என்று அதில் எங்கேயும் இல்லை. இதைப் படிக்காமலேயே "அப்போ அஞ்சு வயசுப் பையன் சொல்றபடி வீட்டை நடத்தணுமா" என்று கிளம்பிவிடுகிறார்கள். 2009இல் இந்தப் பிரிவுக்கு ஐ.நா. குழு ஒரு விளக்கம் வெளியிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் வரும் ஒரு விஷயம்தான்: கருத்தைக் கேட்டுக்கொண்டு போய்விடக் கூடாது, கடைசியில் என்ன முடிவெடுத்தோம், குழந்தை சொன்னதை எப்படிக் கணக்கில் எடுத்தோம் என்று அதனிடம் திரும்பி வந்து சொல்லணும். நம்மிடம் இல்லாதது இதுதான். கேட்கிற மாதிரி பாவனை செய்வது சுலபம், பதில் சொல்வதற்குத்தான் நமக்கு வாய் வராது.

நம் சட்டங்களுக்கும் இது புதுசு இல்லை. 1890இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட காப்பாளர் சட்டம்கூட, அறிவோடு விருப்பம் சொல்லக்கூடிய வயது குழந்தைக்கு இருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 'கொள்ளலாம்' தான், கட்டாயம் இல்லை. 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையிலிருந்து போன குடும்ப வழக்கு அது. 2015 இளைஞர் நீதிச் சட்டமோ, குழந்தையின் கருத்தைக் கேட்பதையும் முடிவுகளில் அதற்குப் பங்கு கொடுப்பதையும் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் விவாகரத்து நடக்கிற வீட்டில் பிள்ளையிடம் கேட்கப்படுகிற ஒரே கேள்வி "உனக்கு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா?" என்பதுதான். அதைவிடக் கொடுமையான கேள்வி வேறு இருக்க முடியாது. எந்த வீட்டில் இருந்தால் ஸ்கூல் மாற வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை யாரோடு, தாத்தா பாட்டியை எப்போது பார்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், எட்டு வயசுக் குழந்தைகூடத் தெளிவாகச் சொல்லும்.

அப்புறம் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். 14417, 1098 என்ற உதவி நம்பர்களைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள், பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். பாலியல் தொல்லை மாதிரி வெளியே வாய் திறந்து சொல்ல முடியாத விஷயங்களுக்கு அப்படி ஒரு வழி அவசியம் வேண்டும். ஆனால் பெட்டியில் சீட்டுப் போட்ட பிள்ளைக்கு அது என்ன ஆச்சு என்று தெரியணும் இல்லையா? ஒரு தடவை போடும், ரெண்டாவது தடவை போடும். மூணாவது தடவை, "போட்டா மட்டும் என்ன ஆகப்போகுது" என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். 2024இல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். இந்நாள் மாணவர்களைத்தான் எங்கள் பகுதிப் பள்ளிகளின் பட்டியலில் தேடிப் பார்த்தும் காணோம். வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசு 2010இல் போட்ட மாதிரி விதிகளில் அந்தக் குழுவில் 'உள்ளூர்க் கல்வியாளர்கள் / பள்ளிக் குழந்தைகள்' என்று ஓர் இடம் இருந்தது. நடுவில் ஒரு சாய்கோடு. கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்போம் என்று நான் சொல்லவா வேண்டும்?

இதனால் என்ன நஷ்டம்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கூட்டம் நடந்தது. பெரியவர்கள் சேர்ந்து முன்பக்கத்து ஆர்ச், கேமரா, கொடிக்கம்ப மேடை பற்றியெல்லாம் தீர்மானம் போட்டார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஸ்க்ரூ கழன்ற ஓட்டைகள் மட்டும் இருக்கும், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதனால் பல பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, மாதவிலக்கு நாட்களில் லீவே போட்டுவிடுவார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் அந்தக் கதவை உள்ளே போய்ச் சாத்திப் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டத்தில் உட்கார வைத்திருந்தால் கேமராவுக்கு முன்னால் தாழ்ப்பாள் வந்திருக்கும், செலவும் நூறு இருநூறு ரூபாயோடு போயிருக்கும்.

பிள்ளைகளை மேடையில் நிற்க வைப்பதில் மட்டும் நமக்குக் குறைச்சலே கிடையாது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் போட்டிருப்பார். அதில் கீழே உள்ள மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்பார்: சொல்லிக்கொடுத்துப் பேச வைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருத்தரை உட்கார வைப்பது. நவம்பர் 14 விழாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகும், ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் கையில் ரோஜாப்பூவோடு வரிசையாகப் பிள்ளைகள், டீச்சர் எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்த பேச்சு, போட்டோ, பிஸ்கட் பாக்கெட், முடிந்தது. மூன்று படியும் ஒரே நாளில் ஏறி இறங்கிவிடுகிறோம்.

அட, தேர்வு விஷயமே எடுத்துக்கோங்க. 2019 செப்டம்பரில் ஐந்தாவது, எட்டாவதுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது, எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் வாபஸ் ஆனது. அந்த மாதங்களில் கட்சிக்காரர்கள், கல்வியாளர்கள், ஆசிரியர் சங்கங்கள் எல்லாரும் பேசினார்கள். வாபஸ் வாங்கியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் பார்த்த டிவி விவாதம் எதிலும் பத்து வயசுப் பிள்ளை ஒன்றின் குரல்கூட இல்லை. திரையின் ஓரத்தில் யூனிஃபார்ம் போட்டு நடந்துபோகிற பழைய வீடியோ மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கர்நாடகாவில் 2006லிருந்து மக்கள கிராம சபை என்று, குழந்தைகளுக்கென்றே கிராம சபை நடத்துகிறார்கள். அதிகாரிகளும் பஞ்சாயத்துத் தலைவரும் எதிரில் உட்காரணும், பிள்ளைகள் எழுந்து கேட்பார்கள். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், சில இடங்களில் அதுவும் ஷாமியானா விழாவாகிவிடும். ஆனாலும் ஊர்க்காரர்கள் முன்னால், "போன வருஷம் சொன்னீங்களே, ஏன் செய்யலை?" என்று ஒரு பிள்ளை கேட்பதற்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. நம் பஞ்சாயத்துகளிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு, தலைவர்தான் அதற்கும் தலைவர், குழந்தைப் பிரதிநிதிகள் இரண்டு பேர் இருக்கணும். உங்கள் ஊரில் அந்த இரண்டு பேர் யார் என்று விசாரித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாமல் அவர்கள் பெயர் பட்டியலில் இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

"நாங்கல்லாம் யாரைக் கேட்டா வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்" என்று கமெண்டில் ஒருத்தர் வருவார், தெரியும். நல்லாத்தான் இருக்கிறோமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நாற்பது வயசிலும் ஆபீஸில் மேலதிகாரி தப்பாகச் சொல்கிறார் என்று தெரிந்தும் "சரிங்க சார்" சொல்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பதினாறு வயது வரை வாய் திறக்கக் கூடாது என்று வளர்த்துவிட்டு, பதினெட்டில் கையில் ஓட்டைக் கொடுத்து யோசித்துப் போடு என்கிறோம்.

அடுத்த கிராம சபை வருகிறது. ஓட்டு இல்லாதவர்கள் தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது, சரி. ஆனால் அதற்கு முந்தின வாரம் பிள்ளைகளை ஒரு சாயங்காலம் உட்கார வைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி சபையில் வாசிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாசித்தபிறகு, எது நடக்கும், எது நடக்காது, ஏன் நடக்காது என்று அடுத்த திங்கட்கிழமை ப்ரேயரில் தலைவரே வந்து சொல்லட்டும். எங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை மனுவாகவே எழுதிக் கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் கொடுக்க நினைப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், மனுவின் நகலைப் போடுகிறேன்.