பனிமலையிலுமா இந்த நெரிசல்?

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் பாதி சிங்கப்பூர் ஜப்பானின் ஹொக்கைடோவில்தான் இருக்கிறது. எங்களுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் என் கணவருக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும், என்ன செய்வது?

அங்கே நிசெகோ பனிச்சறுக்குத் தலத்தில், ஹிராஃபு பக்கம், மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட்டுக்கு நிற்பதே பெரும்பாடு. பின்னால் நிற்பவர் முண்டியடித்து வந்து நம் பனிச்சறுக்குக் கட்டையின் வால்மீதே ஏறி நிற்கிறார். காலை நகர்த்தவே முடியாது. திரும்பிப் பார்த்தால் ஒரு சாரி கூடக் கிடையாது.

அதைவிட எரிச்சல், குறுகலான வளைவில் நட்டநடுவே நின்று படம் எடுக்கும் கூட்டம். மேலிருந்து இறங்கி வருகிறவருக்கு அங்கே ஆள் நிற்பது எப்படித் தெரியும்? குறுகலான இடத்திலும் பார்வை மறைகிற இடத்திலும் நிற்காதீர்கள் என்று சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. ஓரமாக ஒதுங்கி நின்றால் என்ன குறைந்துவிடும்? அப்படி நின்ற ஒருவரை இடிக்காமல் விலகப் போய் என் கணவர் வலைவேலியில் விழுந்தார். நல்லவேளை, அடி படவில்லை.

அப்புறம் அன்னுபுரி பக்கம் போய்விட்டோம். அதே மலைதான், கூட்டம் எவ்வளவோ குறைவு. இதைப் பயண முகவர்கள் முதலிலேயே சொல்லக்கூடாதா? எல்லாரையும் ஒரே சரிவில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்!