லெக் சைடில் காப்பித் தோட்டம்

அண்டர் 19 பெண்கள் கிரிக்கெட் உலகக்கோப்பைக்கு அணி அறிவித்தால் நான் முதலில் செய்கிற வேலை, 15 பெயரையும் மேலிருந்து கீழே ஓட்டி நம்ம ஊர்ப் பிள்ளை யாராவது தட்டுப்படுகிறதா என்று தேடுவது. நீங்களும் அதைத்தான் செய்வீர்கள், மறைக்க வேண்டாம். 2023-ல் ஷஃபாலி வர்மா தலைமையில் தென்னாப்பிரிக்கா போன அணியில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட இல்லை. 2025-ல் நிக்கி பிரசாத் தலைமையில் மலேசியா போனதில் ஒரே ஒருவர், மதுரை கமலினி. இரண்டு தடவையும் கோப்பை இந்தியாவுக்குத்தான். ஆனாலும் ‘தமிழ்நாட்டைத் திட்டம் போட்டு ஒதுக்குகிறார்கள்’ என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். 2023-ல் அப்படி ஒரு பதிவுக்கு நானும் லைக் போட்டேன்.

இப்போது என்றால் போட மாட்டேன். காரணம், ஏற்காட்டில் இருக்கிற என் அக்கா மகள்.

பாப்பாவுக்கு 13 வயது. அக்கா வீட்டுக்கு முன்னால் காப்பி காயப்போடுகிற சிமெண்ட் களம் ஒன்று இருக்கிறது. அதுதான் கிரவுண்ட். அறுவடை நாளில் களம் முழுக்கப் பழம் காயும், ஆட்டம் கிடையாது. மற்ற மாதங்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன்களோடு இறங்கிவிடுவாள். வலது கைக்காரி. பந்து எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் வரும். அவள் நிற்கிற இடத்திலிருந்து லெக் சைடு, அதாவது பந்து வருகிற திசையைப் பார்த்தால் இடது கைப் பக்கம், முழுக்கச் சரிவு, கீழே காப்பிச் செடி, நடுநடுவே சில்வர் ஓக் மரம். அந்தப் பக்கம் அடித்தால் அவுட். அதோடு, அடித்தவர்தான் இறங்கிப்போய்ப் பந்தைத் தேடி எடுத்து வர வேண்டும். அதனால் காலுக்கு நேரே வருகிற பந்தைக்கூட, லெக் ஸ்டம்பை விட்டு ஒதுங்கி, எதிர்ப்பக்கம் இருக்கிற கவர் பக்கமாகத் தள்ளிவிடுவாள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இதை நான் பெரிய திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டதற்கு, ‘பொண்ணுங்களுக்குத்தான் த்ரோபால் இருக்கே’ என்றாராம். சரி, அவரை விடுங்கள். சேலத்தில் சின்ன வயதுப் பெண்களுக்கு செலக்‌ஷன் நடக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னதும், முந்தின நாளே மேலே போய்த் தங்கி, காலை ஆறு மணிக்கு வண்டியில் கிளம்பினேன். பனியில் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்குவதற்குள் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையனின் பேடைக் கட்டினால் தொடை வரைக்கும் ஏறி நின்றது. ஸ்டிச் பாலை, அதாவது தைத்த தோல் பந்தை, அதுவரை கையில் தொட்டதோடு சரி, பேட்டில் வாங்கியதில்லை.

ஆளுக்கு ஆறு பந்து. முதல் மூன்றை அதே மாதிரி ஒதுங்கி கவரில் தள்ளினாள். நாலாவது பந்து, அவள் ஒதுங்கிய இடைவெளி வழியாகப் போய் லெக் ஸ்டம்பைச் சாய்த்தது. அடுத்ததும் அப்படியே.

‘ஏம்மா, லெக்ல அடிக்கவே மாட்டியா?’ என்று கோச் கேட்டார்.

‘அங்க அடிச்சா அவுட்டு சார்.’

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாவம், அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. லிஸ்டில் பெயர் வரவில்லை. கோச்சைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆறு பந்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சமதளத்தில் பத்து மேட்ச் ஆடியிருந்தால் அந்தப் பழக்கம் தானாகப் போயிருக்கும். அந்தப் பத்து மேட்சுக்கு அவள் எங்கே போவாள்?

இந்திய அணியைத் தேர்வு செய்கிறவர்கள், மாநிலத்துக்கு இத்தனை சீட்டு என்று பிரித்துக் கொடுக்கிறதில்லை. மலேசியாவில் ஆடிய அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். வைஷ்ணவி சர்மா 17 விக்கெட், ஆயுஷி சுக்லா 14, பருணிகா சிசோடியா 10. மூன்று பேரும் இடது கை சுழல். எந்த ஊர்க்காரி என்று பார்த்திருந்தால் மூன்று பேரை ஒரே ரகத்தில் எடுத்திருப்பார்களா? கமலினி கீப்பர், ஓப்பனரும்கூட. ஒரு இடத்தில் இரண்டு வேலை. அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அவுட் ஆகாமல் 56.

ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது. அந்தத் தொடரின் நாயகி திரிஷா. 309 ரன், ஸ்காட்லாந்துக்கு எதிராக 110 நாட் அவுட், ஃபைனலில் மூன்று விக்கெட்டும் 44 நாட் அவுட்டும். பிறந்த ஊர் பத்ராசலம். அவள் கிரிக்கெட்டுக்காகக் குடும்பமே ஹைதராபாத்துக்கு மாறியது. நம்ம கமலினியும் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்துதான் அகாடமியில் பயிற்சி எடுத்தாள். வீட்டைத் தூக்கிக்கொண்டு நகர முடிந்தவர்களின் பிள்ளைகள் அந்த இடத்துக்குப் போகிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. என் அக்காவால் ஆத்தூருக்குக்கூட மாற முடியாது, அவ்வளவுதான்.

‘நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வேகப்பந்து நடராஜன் வரலையா?’ என்று கேட்பீர்கள். வந்தார், நமக்கெல்லாம் பெருமைதான். எப்படி வந்தார்? டென்னிஸ் பால் ஆடி. சேலம் மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ஒரு டோர்னமென்ட் கண்ணில் படும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, மைக் செட், பிரியாணி எல்லாம் உண்டு. பையன்கள் அதிலேயே வருஷத்துக்கு ஐம்பது மேட்ச் ஆடிவிடுவார்கள். பெண்களுக்கு அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, நடராஜன் சென்னைக்குப் போகும்போது வயது இருபதை ஒட்டி. இந்தியாவுக்கு ஆடும்போது 29. பையனுக்கு அவ்வளவு நேரம் இருந்தது. அண்டர் 19-க்குப் போக வேண்டிய பெண்ணை இருபதில் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்?

வாழப்பாடியில் அவ்வளவு பெரிய கிரவுண்ட் இருக்கிறது, தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) மேட்சே நடந்திருக்கிறது. நான் ஸ்டேடியம் கேட்கவில்லை. டோர்னமென்ட் நடத்துகிற அண்ணன்மார்களே, பையன்களுக்கு 32 டீம் எடுக்கிற இடத்தில் ஞாயிறு காலை பெண்களுக்கு நாலு டீம் எடுங்கள். என்ட்ரி ஃபீஸ் வாங்காதீர்கள். மைக்கில் ‘தங்கச்சி, பார்த்து ஓடும்மா’ என்று கிண்டலும் செய்யாதீர்கள். அடுத்த கோப்பை 2027-ல் பங்களாதேஷிலும் நேபாளத்திலும். அதற்கு இங்கிருந்து ஆள் தயாராகாது, தெரியும். பாப்பா வயதுப் பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு வருவதுதான்.

இதெல்லாம் எழுத உட்கார்ந்ததே ஒரு உதவி கேட்கத்தான். ஏற்காட்டில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கொஞ்சம் சமமான இடம் கிடைத்தால் சொல்லுங்கள். மேலேயே சுற்றுவட்டாரத்தில் இதுவரை ஒன்பது பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். மூத்தவளுக்கு 15, சின்னவளுக்கு 10. பந்து, ஸ்டம்ப் என் செலவு. இரண்டு பக்கமும் அடிக்கிற மாதிரி இடமாக இருக்க வேண்டும், அது முக்கியம்.