முப்பது வினாடி மரியாதை போதுமா?

மேற்கு சிட்னியில் இப்போது எந்தத் தமிழ் விழாவுக்குப் போனாலும், குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் ஒருவர் மேடையேறி, இந்த மண்ணின் மரபுரிமையாளர்களான டாருக் மக்களுக்கு மரியாதை செலுத்துவதாகத் தாளைப் பார்த்து வாசிக்கிறார். நல்ல வழக்கம்தான், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாசித்து முடித்தவரிடம் "அந்த மக்கள் இப்ப எங்கண்ணா இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அவங்கல்லாம் உள்ள, பாலைவனப் பக்கம்" என்பார். இல்லையென்றால் சிரித்துச் சமாளிப்பார்.

பாலைவனத்துக்கெல்லாம் போக வேண்டாம். துங்காபியில் ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் மவுண்ட் ட்ரூயிட். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூர்வகுடி மக்கள் மிக அதிகமாக வாழும் நகர்ப்பகுதிகளில், மவுண்ட் ட்ரூயிட் அடங்கிய நம் பிளாக்டவுனுக்கு முன்வரிசை இடம். அதிலும் எல்லோரும் டாருக் இல்லை. 1960களிலும் 70களிலும் அரசு வீட்டுவசதி வாரியம் மவுண்ட் ட்ரூயிட்டில் வரிசை வரிசையாக வீடு கட்டியபோது, விராஜுரி, கமிலராய் என்ற வேறு பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த, மாநிலத்தின் உட்பகுதி ஊர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஒரே தெருவில் நாலைந்து இனத்தவர் இருப்பார்கள். நாம் எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டுப் போகிறோம்.

டூன்சைடில் நுரஜிஞ்சி பூங்கா தெரியாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கம் இருக்குமா? பிறந்தநாள், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல், கல்யாணப் படப்பிடிப்பு எல்லாம் அங்கேதான். நுரஜிஞ்சி என்பது ஒரு மனிதரின் பெயர். 1816இல் அன்றைய பிரிட்டிஷ் ஆளுநர் மெக்குவாரி, நுரஜிஞ்சி, கோல்பி என்ற இரண்டு டாருக் ஆண்களுக்கு 30 ஏக்கர் நிலம் கொடுத்தார். இந்த நாட்டில் பூர்வகுடியினருக்குக் கொடுக்கப்பட்ட முதல் நில மானியம் அது. அவர்களுடைய நிலத்தையே அவர்களுக்கு மானியமாகக் கொடுத்த வேடிக்கையை நீங்களே கவனித்திருப்பீர்கள். மாஸ்டன் பார்க் பக்கம் வீடு வாங்கியவர்கள் தினமும் தாண்டிப் போகும் கோல்பி என்ற புறநகருக்கும் அந்த இரண்டாமவர் பெயர்தான்.

அந்தப் பக்கமே ரிச்மண்ட் சாலையோரம், ஓக்ஹர்ஸ்ட்டில், வெறும் புல்வெளியாக ஓர் இடம் கிடக்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளை 'நாகரிகப்படுத்த' மெக்குவாரி 1814இல் அறிவித்த பள்ளி, முதலில் பரமட்டாவில் நடந்து, 1823இல் இந்த இடத்துக்கு வந்தது. ஒரு குழந்தையைச் சேர்த்துவிட்டால் பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 14 வயது ஆகும்வரை பெற்றோரே வந்தாலும் கூட்டிப்போக முடியாது. விதியே அப்படி.

அந்தப் பள்ளியில் படித்தவர் மரியா லாக். 1819இல் நடந்த பொதுத்தேர்வில் சுமார் நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் தாண்டி ஒரு பூர்வகுடிச் சிறுமி முதல் பரிசு வாங்கினாள். அது மரியாதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் செலக்டிவ் பள்ளிக்காக நாலாம் வகுப்பிலேயே டியூஷன் தேடும் நாம் கொண்டாட வேண்டிய கதை இல்லையா? நம்மூர்க் கதையாக இருந்திருந்தால் இந்நேரம் வாட்ஸாப்பில் ஐந்நூறு தடவை வந்திருக்கும். மரியா வேறு யாருமல்ல, அந்தக் கோல்பியின் தங்கை. அண்ணன் இறந்தபிறகு அவருடைய 30 ஏக்கரைத் தனக்குத் தரச் சொல்லி 1831இல் ஆளுநருக்கு மனு எழுதினார். கைக்கு வர 1843 ஆயிற்று. இன்று டாருக் மக்களில் பலர் அவருடைய வழித்தோன்றல்கள். பள்ளி இருந்த அந்த நிலம் 2018இல்தான் டாருக் மக்களிடம் திரும்பப் போனது.

பழைய கதையை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. "அரசாங்கம்தான் எவ்வளவோ சலுகை கொடுக்குதே, ஏன் போய் வாங்கிக்க மாட்டேங்குறாங்க?" என்று நம் ஆட்கள் கேட்காத நாளில்லை. 1915இல் இந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, நீதிமன்றத்துக்கே போகாமல் பூர்வகுடிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக அரசு வாரியத்துக்கு அதிகாரம் வந்தது. 1940இல் வேறு பெயரில் மாற்றியமைக்கப்பட்ட அந்த வாரியம் கலைக்கப்பட்டது 1969இல். அதாவது இன்று அறுபது வயதாகும் ஒரு பாட்டி, அந்த வாரியம் இருந்த காலத்தில் பிறந்தவர். பழையது என்று ஒதுக்கவும் முடியாது. இன்றும் இந்த மாநிலத்தில் பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பொறுப்பில் வளரும் குழந்தைகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் பூர்வகுடிக் குழந்தைகள். மாநில மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 2021 கணக்கெடுப்பின்படி 3.4 விழுக்காடு. வாசலில் அரசு அடையாள அட்டையோடு ஒருவர் வந்து நின்றால் அந்தப் பாட்டிக்கு என்ன தோன்றும்?

அதனால்தான் 1971இல் ரெட்ஃபெர்னில் ஒரு கடைமுகப்பில், பூர்வகுடி மக்களே நிர்வகிக்கும் மருத்துவ நிலையத்தை அவர்களே தொடங்கினார்கள். நாட்டிலேயே அதுதான் முதல். கண் மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸ் போன்றவர்கள் கூட நின்று உதவினார்கள், ஆனால் முடிவெடுக்கும் நாற்காலி பூர்வகுடியினரிடம் இருந்தது. இன்று அதே முறையில் நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் நடக்கின்றன. மவுண்ட் ட்ரூயிட் பக்கம் ஐந்து மூத்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய பாபாயின் அமைப்பு, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மாரின் விஜாலி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

இப்படி ஓர் அமைப்பின் பார்வையாளர் நாள் ஒன்றுக்குப் போயிருந்தேன். 'கலாச்சாரக் கற்றல்' ஓர் அறையிலும் 'சமூக உதவி' இன்னோர் அறையிலும் நடக்கும் என்ற நினைப்போடுதான் போனேன். அங்கே இருந்தது ஒரே மேசை. நடுவில் லொமாண்ட்ரா புல் கட்டு. நம் தெருமுனை ரவுண்டானாவில் கவுன்சில் நட்டு வைத்திருக்கிறதே, அதே புல்தான். ஓர் ஆன்ட்டி (அங்கே மூத்த பெண்கள் எல்லோருமே ஆன்ட்டிதான்) நீளமான இலையை நகத்தால் இரண்டாகக் கீறி, ஒரு பாதியைத் திரியாக முறுக்கி, மறுபாதியால் அதைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கூடையின் அடிவட்டத்தைத் தொடங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்தார்கள். கை பின்னிக்கொண்டிருக்க, வாய் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் மகனுக்குக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இன்னொருவர் வருடாந்திர உடல் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை. பூர்வகுடி மக்களுக்கென்றே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் 715 என்ற எண்ணில் இருக்கும் பரிசோதனை அது. ஆன்ட்டி தலையை நிமிர்த்தாமலே, "வியாழக்கிழமை வண்டி வரும், ஏறிக்கோ" என்றார். கவுன்ட்டரில் உட்கார்ந்து படிவம் நீட்டியிருந்தால் அந்தப் பெண் வாயே திறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அமைப்புகள் செய்யும் இன்னொரு வேலை ஓட்டுநர் உரிமம். இதை நம்மவர்களுக்குச் சட்டென்று விளக்கிவிடலாம். பிள்ளைக்கு எல் போர்டு மாட்டிவிட்டு, சனி ஞாயிறுகளில் பக்கத்து சீட்டில் பிரேக்கை மிதிப்பதுபோல் காலை ஊன்றிக்கொண்டு 120 மணி நேரம் லாக்புக் நிரப்பிய அப்பா அம்மாக்கள்தானே நாம்? அதற்கு ஒரு கார் வேண்டும், முழு உரிமம் உள்ள ஒருவர் வேண்டும், பெட்ரோல் வேண்டும். பாட்டி வளர்க்கும் பையன், பாட்டிக்கே உரிமம் இல்லை என்றால்? அதற்கும் முந்திய படியில், பிறப்பே பதிவாகாததால் சான்றிதழ் இல்லாதவர்கள் அந்தச் சமூகத்தில் பலர். சான்றிதழ் இல்லாமல் எல் போர்டே கிடையாது. ஆனால் வேலை வேர்ஹவுஸில், காலை ஐந்து மணி ஷிப்ட், அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. உரிமம் இல்லாமல் ஓட்டுவான், பிடிபடுவான், அபராதம் வரும், கட்ட முடியாது, மறுபடி ஓட்டுவான், அப்புறம் கோர்ட். எங்கோ ஒரு சான்றிதழில் தொடங்கியது சிறைவரை போய் நிற்கிறது. இந்தச் சங்கிலியை நடுவில் வெட்டத்தான் இந்த அமைப்புகள் பிறப்புப் பதிவுக்கு உதவுகின்றன, காரும் கற்றுக்கொடுக்க ஆளும் ஏற்பாடு செய்கின்றன. அபராதத்தைப் பணமாகக் கட்டாமல் பயிற்சி, ஆலோசனை, தன்னார்வப் பணி மூலம் கழித்துக்கொள்ள இந்த மாநிலத்தில் திட்டம் இருக்கிறது. அதற்குப் பொறுப்பேற்று நிற்கும் அமைப்புகளில் இவையும் சேர்த்தி.

ஆக, நான் சொல்ல வருவது இதுதான். பண்பாட்டுக்கு ஒரு நிதி, நலச்சேவைக்கு ஒரு நிதி என்று அரசு பிரித்துப் பிரித்துக் கொடுப்பது, அந்த மேசையை நடுவில் அறுப்பது. கூடைக்குத் தனி ரசீது, கோர்ட் கடிதத்துக்குத் தனி அறிக்கை, இரண்டுக்கும் ஒரு வருட ஒப்பந்தம், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம். இந்த ஓட்டத்தில் பாதி நேரம் போய்விடுகிறது. பூர்வகுடி அமைப்புகளோடு முடிவெடுப்பதைப் பகிர்ந்துகொள்வோம் என்று 2020இல் எல்லா அரசுகளும் கையெழுத்துப் போட்டன. 2024இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்துவிட்டு, அரசுகள் பெரும்பாலும் சொன்னபடி நடக்கவில்லை என்று எழுதியது. அவர்களே நடத்தும் எல்லா அமைப்பும் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. நிர்வாகச் சண்டையில் மூடியவையும் உண்டு. நம் சங்கங்களில் நடக்காத சண்டையா? அதற்காகத் தமிழ்ச் சங்கங்களை அரசாங்கமே எடுத்து நடத்தட்டும் என்று யாராவது சொன்னோமா?

இன்னொரு பக்கம், அலுவலகங்களில் 'கலாச்சார விழிப்புணர்வு' என்று அரைநாள் பயிற்சி கொடுக்கிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அறுபது ஸ்லைடு, கடைசியில் பத்துக் கேள்வி, ஒரு சான்றிதழ். அதில் டாருக் மக்களைப் பற்றி ஒரு ஸ்லைடு கூட இல்லை. தகவல் எல்லாம் நாடு முழுவதற்கும் பொதுவானது, எந்த மண்ணிலும் ஒட்டாதது. ஜூலையில், பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம் வந்தால் மட்டும் பள்ளிகள், வங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே நாலு மூத்தவர்களைக் கூப்பிட்டு நெருக்குகின்றன. சில இடங்களில் சன்மானம் கூடக் கிடையாது, ஒரு காபி கோப்பையும் கைதட்டலும்தான். பரதநாட்டியக் கலைஞரை அப்படிக் கூப்பிட்டால் நாம் சும்மா இருப்போமா?

அப்புறம் அந்த வாதம். "நாமும் நிலம் இழந்தவங்கதானே, நமக்குத் தெரியாத வலியா?" ஈழத்திலிருந்து வந்த நண்பர்கள் இதைச் சொல்லும்போது உண்மையான உருக்கத்தோடுதான் சொல்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இங்கே நாம் அகதியாகவோ வேலைக்கோ வந்து இறங்கி, இந்த அரசு பத்திரம் போட்டுக் கொடுத்த நிலத்தில் வீடு கட்டியவர்கள். இழந்தவர்கள் என்ற பக்கம் மட்டும் இங்கே செல்லாது. பூர்வகுடி மக்களின் குரலை நாடாளுமன்றத்துக்குச் சொல்லும் ஓர் ஆலோசனை அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பில் நாடே 60 விழுக்காடு 'வேண்டாம்' என்றது. பரமட்டா, கிரீன்வே, சிஃப்லி என்று நம்மவர்கள் நிறைய வாழும் தொகுதிகளும் அப்படியே. யார் எப்படிப் போட்டோம் என்பது அவரவர் உரிமை. எனக்கு உறுத்தியது, அதற்கு முந்தைய மாதங்களில் நம் குழுக்களில் ஓடிய நூற்றுக்கணக்கான ஃபார்வர்டுகளில் மவுண்ட் ட்ரூயிட் என்ற ஊர்ப் பெயரையே நான் பார்க்கவில்லை என்பது.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் தமிழ்ப் பள்ளிக் குழுவில் மூன்று விஷயம் கேட்கப்போகிறேன். ஆண்டுவிழாவுக்கு டாருக் மூத்தவர் ஒருவரை வரவேற்புரைக்கு அழைப்பது. நாமே தாளைப் பார்த்து வாசிப்பது வேறு, மண்ணுக்குரியவர் வந்து வரவேற்பது வேறு. அதற்கு உரிய கட்டணத்தை பட்ஜெட்டில் போடுவது, நாதஸ்வரத்துக்குப் போடுவதுபோல. மூன்றாவதாக, நம்மில் முழு உரிமம் உள்ளவர்கள், லாக்புக் நிரப்பி அலுத்தவர்கள், ஓட்டக் கற்கும் பிள்ளைகளின் பக்கத்து சீட்டில் உட்கார அந்த அமைப்புகளுக்கு ஆள் தேவையா என்று விசாரிப்பது. தேவை என்றால் அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் சொல்லும் விதத்தில் போவது. குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதிச் சான்று தேவைப்படும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது, தன்னார்வலர்களுக்கு இலவசம்தான்.

முதலாவதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். இரண்டாவதில் பொருளாளர் மறுப்பார். மூன்றாவதற்குப் பெயர் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். கமெண்டில் வாக்கெடுப்புச் சண்டையை மறுபடி ஆரம்பிப்பவர்களை ப்ளாக் செய்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.