ஃபார்ம்ஸ் டைமர் தனி த்ரெட்டில் ஓடுவதில்லை

விண்டோஸ் ஃபார்ம்ஸ் (டாட்நெட்டில் விண்டோ, பட்டன் கொண்ட நிரல்களை எழுத உதவும் கருவித்தொகுப்பு) டைமரின் டிக் நிகழ்வு, அதாவது குறித்த இடைவெளிதோறும் ஓடும் நிரல்பகுதி, தனி த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசையில்) ஓடும், அதில் எவ்வளவு கனமான வேலை வைத்தாலும் விண்டோ உறையாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. டூல்பாக்ஸிலிருந்து இழுத்துப் போடும் அந்த டைமர், பட்டன் கிளிக்கைக் கவனிக்கும் அதே யூஐ த்ரெட்டில்தான், அதாவது திரையைக் கையாளும் த்ரெட்டில்தான், ஓடுகிறது. டிக் வேலை முடியும்வரை மற்ற எல்லாம் காத்திருக்கும். டிக்குக்குள் இருந்து லேபிளை (திரையில் எழுத்தைக் காட்டும் பகுதியை) நேரடியாக மாற்ற முடிவதும் இதனால்தான். நல்ல வசதி அது.

நீங்களே சோதிக்கலாம். டிக்குக்குள் த்ரெட்.ஸ்லீப்(5000) என்று, த்ரெட்டை 5 விநாடி நிறுத்திவைக்கும் கட்டளையை எழுதி ஓடவிட்டு, விண்டோவை மவுஸால் நகர்த்திப் பாருங்கள். 5 விநாடி அசையாது. அப்புறம், ஃபார்ம் லோடிலும் (விண்டோ திறக்கும்போது ஓடும் நிகழ்வு) டிக்கிலும் த்ரெட் எண்ணை அச்சிடுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும். தனி த்ரெட்தான் வேண்டும் என்றால் சிஸ்டம்.த்ரெடிங்.டைமர் இருக்கிறது.