முதல் சுற்றில் ரன்னிங் பேக் எடுப்பதே இல்லையா?

"என்எஃப்எல் அணிகள் இப்போதெல்லாம் டிராஃப்டின் முதல் சுற்றில் ரன்னிங் பேக்கை எடுப்பதே இல்லை. கல்லூரியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன்களுக்கு இனி எதிர்காலம் இல்லை." இப்படி ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. (என்எஃப்எல் என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுப்பது. ரன்னிங் பேக் என்பவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீரர்.) இது தவறு.

2022, 2024 இரண்டு ஆண்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை. அதுவரை சரி. ஆனால் நடுவில் 2023-இல் பிஜான் ராபின்சனை அட்லாண்டா அணி 8-ஆவதாகவும், ஜாமிர் கிப்ஸை டெட்ராய்ட் அணி 12-ஆவதாகவும் எடுத்தன. 2025-இல் ஆஷ்டன் ஜென்டியை லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணி 6-ஆவதாகவே எடுத்தது. பாய்சி ஸ்டேட் கல்லூரிக்காக அவர் 2024 சீசனில் ஓடியது 2,601 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் ஒரே சீசனில் அதிக யார்டு ஓடியதற்கான பேரி சாண்டர்ஸின் 1988 சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு. அதே முதல் சுற்றில் ஒமாரியன் ஹாம்ப்டனும் 22-ஆவதாகப் போனார்.

அப்புறம், முதல் சுற்றில் போகாவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 2016-இல் இரண்டாம் சுற்றில், 45-ஆவதாகத்தான் போனார். 2020 என்எஃப்எல் சீசனில் 2,000 யார்டுக்கு மேல் ஓடினார்.

என்எஃப்எல் இணையதளத்தில் ஆண்டுவாரியான டிராஃப்ட் பட்டியல் இருக்கிறது; யாரும் பார்க்கலாம். டிராஃப்டுக்குக் காத்திருக்கும் பையன்களின் மனத்தை நோகடிக்கும் இந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.