வேகவைத்தால் போகாத விஷம்

"நல்லா வேகவச்சாச்சு, ஒன்னும் ஆகாது." மட்டி, சிப்பி விஷயத்தில் இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

1987இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில், சாம்பெரிக்கோ பக்கம் 187 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். 26 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் சாப்பிட்டது வேகாத மட்டி இல்லை, மட்டி சூப். பாதிக்கப்பட்ட சின்னக் குழந்தைகளில் பாதிப் பேர் பிழைக்கவில்லை.

வெப்பமண்டலக் கடலோரங்களில் பைரோடினியம் என்ற நுண்பாசி சில சமயம் மளமளவென்று பெருகும். சிப்பியோ நாள் முழுக்கக் கடல்நீரை இழுத்து, வடிகட்டி, பாசியை விழுங்கிவிட்டுத் தண்ணீரை வெளியே விடும். பாசியில் இருக்கும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு அப்படியே சதையில் சேர்கிறது. சிப்பி பாட்டுக்கு உயிரோடு இருக்கும். வாடை மாறாது, ருசி மாறாது. கொதிநீருக்கும் அந்த நஞ்சு அசையாது. பாசி பெருகிக் கடல் சிவந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. நிறமே மாறாத தண்ணீரிலும் நஞ்சேறிய சிப்பி இருக்கும். சிவந்த தண்ணீர் தெளிந்த பிறகும் வாரக்கணக்கில் நஞ்சு தங்கும்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு மரக்கும். அப்புறம் நாக்கு, விரல்நுனி. பேச்சு குழறும், கால் தள்ளாடும். கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும், பெரும்பாலும் நினைவு தெளிவாக இருக்கும்போதே. மாற்று மருந்து கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து முதல் ஒரு நாளைத் தாண்டவைத்தால் அநேகமாக முழுதாகத் தேறிவிடுவார்கள்.

ஆகவே ஆய்வகச் சோதனையை விட்டால் வேறு வழியில்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு, கிலோ சதைக்கு 0.8 மில்லிகிராம் சாக்சிடாக்சின். 1983இல் சமார் கடற்பகுதியில் இதே நஞ்சால் அடிபட்ட பிலிப்பைன்ஸில், இன்று மீன்வளத்துறை விரிகுடா வாரியாகச் சோதித்துத் தடை அறிவிக்கிறது. சரி, தடை போட்டாயிற்று. மட்டி பொறுக்கிப் பிழைப்பவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எப்படி எரியும்? ஏற்றுமதிச் சிப்பிக்குச் சான்றிதழ் கேட்கிறோம். வற்றிய சேற்றில் குனிந்து மட்டி பொறுக்கி நேரே வீட்டுச் சட்டியில் போடுபவர்களை எந்தச் சான்றிதழும் எட்டுவதில்லை. தடை நாட்களுக்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதற்குப் பணமில்லை என்று எந்த அரசு சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

மட்டி சாப்பிட்டபின் உதடு மரத்தால் விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். போனதும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.