அரளி தாங்கும் செடிதான், ஆபத்தில்லாத செடி இல்லை

"ஆடு மாடு தொடாது, தண்ணீரே வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் அரளிதான் சரி" என்று வீட்டில் வைக்கும் செடிகள் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். வறட்சியைத் தாங்கும் என்பது உண்மை, நெடுஞ்சாலை நடுத்திட்டில் வெயிலிலும் வண்டிப் புகையிலும் பூத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் ஆடு மாடு அதைத் தொடாததற்குக் காரணமே அதன் நஞ்சுதான். இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் ஓலியாண்ட்ரின் இருக்கிறது, இலை காய்ந்தாலும் அது போவதில்லை, வெட்டிய கிளையை எரித்தால் வரும் புகைகூடக் கெடுதல். தவழும் குழந்தையோ கண்டதையும் மெல்லும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

அப்புறம், தண்ணீரே வேண்டாம் என்பதும் பாதிதான் சரி. வேர் நன்றாக இறங்கும் வரை, முதல் ஒரு வருடமாவது, எந்த வறட்சிச் செடிக்கும் ஊற்றித்தான் ஆக வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை அதில் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வெயில் காயும் இடம் என்றால் ஆவாரை வையுங்கள், நம் மண்ணின் செடி, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். வேலியோரத்துக்கு இட்லிப்பூ.